கனமான அணு அயனியைக் குளிர்விக்குமா? மண்டபத்து மாணவருக்கு

"பால் பொறியில் (அதிரும் மின்புலத்தால் அயனியைப் பிடித்துவைக்கும் கருவி) அணு, அயனியைவிட லேசாக இருந்தால்தான் அயனி குளிரும் என்று படித்தேன். அப்படியானால் ரூபிடியம் அயனியை ரூபிடியம் அணுவே குளிர்வித்தது எப்படி? எங்கள் கல்லூரியில் செய்து பார்க்கலாமா?" என்று ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். எம்.எஸ்சி. கருத்தரங்குக்கு என்று நினைக்கிறேன்.

நீங்கள் படித்தது தப்பில்லை, ஆனால் பாதிதான். இயற்பியலாளர்கள் மேஜரும் டெமெல்ட்டும் 1968-இல் சொன்ன அந்த விதி, பொறி முழுக்க வாயு பரவியிருக்கும் நிலைக்கு. பொறியின் ரேடியோ அலைப் புலம் மையத்தில் சுழி, விலக விலகக் கூடும். ஓரத்தில் அயனி அந்தப் புலத்தின் தாளத்துக்கு அதிரும், இதுதான் நுண்ணசைவு. அதிரும்போது அணு வந்து மோதினால் தாளம் அறுந்து புலத்தின் ஆற்றல் அயனிக்குள் ஏறிவிடும். அணு கனமாக இருந்தால் இன்னும் மோசம்.

ஆனால் அணுக்கூட்டத்தை மையத்தில் மட்டும் வைத்தால்? அங்கே நுண்ணசைவு மிகக் குறைவு, அயனியின் வேகமோ உச்சம். அங்கே நடக்கும் மோதல் ஆற்றலைப் பிடுங்கத்தான் செய்யும். பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் ரங்வாலா குழு 2012-இல் காட்டியது இதைத்தான். மாட் எனப்படும் காந்த-ஒளிப் பொறி, லேசராலும் காந்தப்புலத்தாலும் அணுக்களைக் குளிர்வித்துப் பிடிப்பது; அதன் அணுக்கூட்டம் சிறியது. அதைத் தாண்டிச் சுற்றும் அயனிகள் மையத்தைக் கடக்கும்போது மட்டும் அணுவைச் சந்திக்கின்றன. ஒரே தனிமம் என்பதால் இன்னொரு வழியும் உண்டு: வேகமான அயனி, நிற்கும் அணுவிடமிருந்து எலெக்ட்ரானைப் பறித்துக்கொண்டு நடுநிலை அணுவாக வெளியே ஓடிவிடும். எலெக்ட்ரானை இழந்த அணு குளிர்ந்த அயனியாக மையத்திலேயே நிற்கும். ஒரே மோதலில் வேலை முடிந்தது.

"மைக்ரோகெல்வின் அணு, ஆகவே மைக்ரோகெல்வின் அயனி" என்று ஸ்லைடில் மட்டும் போடாதீர்கள். எண் இல்லாமல் இப்படிச் சொல்லிவிட்டுப் போவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அயனி எதுவரை குளிரும் என்பதை நிர்ணயிப்பது அணுவின் வெப்பநிலை அல்ல, தேவையற்ற நிலைமின்புலம். இட்டெர்பியம் அயனி, அது 300 கிலோஹெர்ட்ஸில் ஊசலாடும் பொறி என்று வையுங்கள். மீட்டருக்கு 1 வோல்ட் புலம் அயனியை 0.16 மைக்ரோமீட்டர் நகர்த்தும். அந்த இடத்தின் நுண்ணசைவு ஆற்றல் ஏறக்குறைய 1 மில்லிகெல்வின். இது புலத்தின் வர்க்கத்தில் ஏறும், ஆகவே 0.1 வோல்ட்டுக்கு இறக்கினால் 10 மைக்ரோகெல்வின். இதற்கும் மேல், அணு நெருங்கும்போது அயனியையே மையத்திலிருந்து இழுத்துவிடும். லேசான அணு இழுப்பது குறைவு. ஆம்ஸ்டர்டாமில் 2020-இல் லித்தியம்-6 கொண்டு இட்டெர்பியம் அயனியைக் குவாண்டம் விளைவுகள் தெரியத் தொடங்கும் குளிர்வரை கொண்டுபோனதற்குக் காரணம் அதுதான்.

ரூபிடியத்தில் செய்வதானால்: 780 நானோமீட்டர் லேசரில் மாட், கூடவே 479-க்குக் குறைந்த அலைநீள நீல ஒளியில் அயனியாக்கம். வெற்றிடம் 10⁻¹⁰ மில்லிபார். கூட்டத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 10¹⁰ இருந்தால் அதற்குள் இருக்கும் அயனிக்கு நொடிக்குச் சுமார் 25 மோதல். நீல ஒளியை அயனியாக்கியதும் அணைத்துவிடுங்கள். அது மாட்டைத் தின்னும், கண்ணாடியில் மின்னூட்டம் ஏற்றும், பிறகு நிலைமின்புலம் நாளுக்கொரு விதமாக நகரும். ரூபிடியம் அயனியின் எலெக்ட்ரான் கூடு நிரம்பியது என்பதால் லேசர் ஒளியில் அது தெரியாது. பொறியைத் திறந்து, அயனிகளை ஒவ்வொன்றாகப் பதிவுசெய்யும் சானல்ட்ரான் கருவியில்தான் எண்ணவேண்டும்.

கல்லூரியில் மாட் சாத்தியம். அயனிப்பொறியை அடுத்த கட்டமாக வையுங்கள். இதைச் சொன்னால் ஊரைக் குறைத்துப் பேசுவதாகச் சிலர் எடுத்துக்கொள்ளக்கூடும், அது என் நோக்கமில்லை. லேசர் வாங்கப் பணம் ஒதுக்குகிறவர்கள் ஈரம் உறிஞ்சும் கருவிக்கு ஒதுக்குவதில்லை, ஏசியை மாலையில் நிறுத்தச் சொல்கிறார்கள். நம் கடலோரத்தில் பல மாதம் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை, 24, 25 டிகிரி. லேசர் டயோடை 18 டிகிரிக்கு இறக்கினால் அதன்மேலேயே தண்ணீர் நிற்கும். அறை வெப்பத்தில் 780 நானோமீட்டருக்குச் சற்றுக் கீழே இயங்கும் டயோடை வாங்கி, சூடேற்றி 780-க்குக் கொண்டுவாருங்கள். பெட்டியை மூடிச் சிலிக்கா ஜெல் வையுங்கள். காந்தச் சுருளைக் குளிர்விக்க உப்புக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீரை மூடிய சுற்றில் ஓட்டுங்கள்.