பயிற்சி நேரமும் தேங்கிய கட்டுரைகளும்

முழுநேர வேலையோடு பகுதிநேரமாகக் கவுன்சிலிங் படிக்கிறீர்கள். ஆலோசனை தேடி வருபவர்களைச் சந்திக்கும் நேரடிப் பயிற்சி தொடங்கியதும் கட்டுரைகள் தேங்கிவிட்டன, விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். நானும் அந்த இடத்தில் நின்றவள்தான்.

ஒரு மணி நேரச் சந்திப்பு அதோடு முடிவதில்லை. குறிப்பு எழுதுவது, மேற்பார்வையாளரிடம் அதைப் பற்றிப் பேசுவது, மனதில் சுமந்து திரிவது எல்லாம் சேரும். வாரத்துக்கு நான்கு பேர் என்றால் இரண்டாகக் குறைக்கக் கேளுங்கள். சந்திப்பு முடிந்த கையோடு, உங்களுக்குள் எழுந்ததை மட்டும் இரண்டு வரி எழுதி வையுங்கள். வந்தவர் பெயர் வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதிய பரிவு, உண்மைத்தன்மை பற்றிய என் கட்டுரை அப்படி ஒரு வரியில்தான் தொடங்கியது: ஒருவர் அழுதபோது நான் அவசரமாகத் தண்ணீர் நீட்டினேனே, அது யாருக்காக?

அப்புறம், இந்தக் களைப்பை மேற்பார்வையாளரிடம் அடுத்த முறையே சொல்லிவிடுங்கள்.