படிக்கும் நேரத்தைக் குறையுங்கள், மார்க் ஏறும்

ஐயா, வணக்கம்.

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ராத்திரி பதினோரு மணி வரை புத்தகமும் கையுமாக இருக்கிற பிள்ளைக்கு, டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் 4 தேர்வுக்கான மாதிரித் தேர்வில் மார்க் ஏன் ஏறவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பயிற்சி மையத்தை மாற்றலாமா, இன்னொரு டெஸ்ட் பேட்ச்சில் சேர்க்கலாமா என்றும் கேட்கிறீர்கள். இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். நீங்கள் அனுப்பிய கால அட்டவணையையும் மாதிரித் தேர்வுத் தாள்களையும் பொறுமையாகப் பார்த்தேன். தம்பியின் உழைப்பில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அந்த உழைப்பில் பெரும்பகுதி மார்க் கிடைக்காத இடத்துக்குப் போகிறது.

தேர்வு எப்படி என்று உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும். 200 கேள்வி, 300 மார்க், மூன்று மணி நேரம். கேள்விக்கு ஒன்றரை மார்க். இதில் சரிபாதி, அதாவது 100 கேள்வி, தமிழ். அந்தத் தமிழில் 40 சதவீதம், 60 மார்க், எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். பொது அறிவு 75 கேள்வி, கணக்கும் காரணவியலும் சேர்ந்த திறனறிவு 25. இப்போதைய பாடத்திட்டத்தில் எந்த அலகிலிருந்து எத்தனை கேள்வி வரும் என்று தேர்வாணையமே எழுதிக் கொடுத்திருக்கிறது. தமிழில் இலக்கணத்துக்கு 25. பொது அறிவில் அறிவியலுக்கு 5, புவியியலுக்கு 5. தமிழ்நாட்டு வரலாறு, பண்பாடு, சமூக அரசியல் இயக்கங்களுக்கு 20. பொருளாதாரம், தமிழ்நாட்டின் வளர்ச்சி நிர்வாகத்துக்கு 20.

இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அட்டவணையைப் பாருங்கள். மூளை தெளிவாக இருக்கிற காலை நேரம் முழுக்க அறிவியல். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை சமச்சீர் புத்தகத்தைப் பார்த்து, கலர் கலரான பேனாவில் நோட்ஸ் எழுதிக்கொண்டிருக்கிறார். அத்தனையும் ஐந்து கேள்விக்கு, ஏழரை மார்க்குக்கு! தமிழ் எப்போது என்று பார்த்தால், சாப்பிட்டுவிட்டுக் கண் சொருகுகிற ராத்திரி ஒன்பதரை மணிக்கு. திறனறிவு ஞாயிற்றுக்கிழமை மட்டும். அந்தத் திறனறிவில் தம்பி பாதிகூட எடுக்கவில்லை. எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது இதைப் பார்த்துத்தான்.

அதனால் நோட்ஸ் எழுதுவதை நாளையிலிருந்தே நிறுத்தச் சொல்லுங்கள். புத்தகத்திலேயே பென்சிலால் கோடு போட்டால் போதும். பார்த்து எழுதும்போது கை வேலை செய்கிறது, படித்த திருப்தியும் வந்துவிடுகிறது. ஆனால் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டால் பதில் வருவதில்லை. டெலிகிராம் குழுக்களில் இறக்கிவைத்த பிடிஎஃப் எல்லாம் அப்படியே கிடக்கட்டும். நடப்பு நிகழ்வுகளுக்கு மாத இதழ் ஒன்று போதும். ஒரே செய்தியை இரண்டு யூடியூப் சேனலில் கேட்பதால் இரண்டு மார்க் வராது. அறிவியலை அடியோடு விடச் சொல்லவில்லை, ஒரு முறை வாசிக்கட்டும், பழைய வினாத்தாள்களில் வந்ததைப் பார்க்கட்டும். மிச்சமாகிற காலை நேரத்தை இலக்கணத்துக்கும் திறனறிவுக்கும் கொடுங்கள், தினமும்.

இன்னொரு பெரிய விஷயம், தேர்வு எழுதிய பிறகு என்ன செய்கிறார் என்பது. மார்க்கைப் பார்க்கிறார், மனசு உடைகிறார், அடுத்த தேர்வுக்குப் போய்விடுகிறார். தப்பான கேள்விகளைத் திரும்பிப் பார்த்ததற்கான அடையாளமே தாள்களில் இல்லை. ஒரு கேள்வியை மட்டும் சொல்கிறேன். அசல் 8000 ரூபாய், வட்டி 5 சதவீதம், 2 ஆண்டுக்குத் தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் வித்தியாசம் எவ்வளவு? தம்பி தனிவட்டி 800 என்று சரியாகப் போட்டிருக்கிறார். கூட்டுவட்டியைப் பக்கம் நிறையப் போட்டு, நடுவில் ஒரு கூட்டலைத் தவறவிட்டு, தப்பான விடையைக் குறித்திருக்கிறார். விடை 20. முதல் வருட வட்டி 400, அந்த 400-க்கு இரண்டாம் வருடம் வருகிற 5 சதவீத வட்டிதான் வித்தியாசம். ஒரே வரி. இதே மாதிரிக் கணக்கு அடுத்த தாளிலும் வந்திருக்கிறது, அதே இடத்தில் தப்பு. முதல் தாள் முடிந்த அன்றைக்குக் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருந்தால் அடுத்த ஒன்றரை மார்க் போயிருக்காது.

ஆகவே ஒரு தேர்வு எழுதினால், அதை அலசி முடிக்காமல் அடுத்ததைத் தொடக்கூடாது. தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் காரணம் எழுதட்டும்: படிக்கவே இல்லை, படித்தது மறந்துவிட்டது, கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை, கணக்கில் கை தவறிவிட்டது. தம்பியின் தாள்களில் ‘பொருந்தாததைத் தேர்ந்தெடு’ என்ற கேள்விகளுக்குப் பொருந்துவதைக் குறித்துவைத்த இடங்கள் இருக்கின்றன. இதற்குப் புதிதாக எதுவும் படிக்க வேண்டாம். ‘பொருந்தாத’ என்ற சொல்லைப் பேனாவால் வட்டமிடும் பழக்கம் போதும். நோட்டு போட்டே ஆக வேண்டும் என்றால் இந்தத் தப்புகளுக்கு மட்டும் ஒன்று போடட்டும்.

அப்புறம், குரூப் 2, வங்கித் தேர்வு, மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி எல்லாவற்றுக்கும் சேர்த்துப் படிக்கிறார் என்று பெருமையாக எழுதியிருந்தீர்கள். எதையும் விட்டுவிடக் கூடாதே என்ற உங்கள் பயம் புரிகிறது. ஆனால் குரூப் 2-இல் விரிவாக எழுதும் முதன்மைத் தேர்வு இருக்கிறது. வங்கித் தேர்வுக்கு ஆங்கிலமும் கணக்கில் வேகமும் வேண்டும். குரூப் 4-க்கு முதன்மைத் தேர்வும் இல்லை, நேர்காணலும் இல்லை. ஒரே எழுத்துத் தேர்வுதான். இந்த முறை இது ஒன்றை முடிக்கட்டும். இதற்குப் படித்தது குரூப் 2 முதல்நிலைத் தேர்வுக்கும் கைகொடுக்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை மணி நேரம் படித்தாய் என்று கேட்காதீர்கள். நீங்கள் அப்படிக் கேட்பதால்தான் விளக்கை அணைக்கப் பயந்து உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றுகிறது. ராத்திரி பத்து மணிக்குத் தூங்கட்டும், காலை ஐந்தரைக்கு எழுந்தால் போதும். மார்க் குறைந்தாலும் வீட்டில் முகம் சுளிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் தன் தப்புகளைத் தானே உட்கார்ந்து பார்க்கத் தைரியம் வரும்.

மூன்று வாரம் இப்படிப் போகட்டும். பிறகு ஒரு முழு மாதிரித் தேர்வு எழுதிவிட்டு, மொத்த மார்க்கோடு இலக்கணத்தில் எத்தனை, திறனறிவில் எத்தனை என்று தனித்தனியாக எழுதித் தாளோடு அனுப்புங்கள். பொருளாதாரத்துக்கு எப்போது எவ்வளவு நேரம் ஒதுக்கலாம் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.