பத்தாயிரம் வோல்ட் ஏன் கொல்வதில்லை?

கேள்வி: பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து உலோகக் கைப்பிடியைத் தொட்டால் சுரீரென்று தாக்கும் நிலைமின்சாரம் பல ஆயிரம் வோல்ட் இருக்கலாம் என்கிறார்கள். உயிரைப் பறிப்பதோ 230 வோல்ட் வீட்டு மின்சாரம். இது எப்படி?

பதில்: வோல்ட் என்பது மொத்த ஆற்றலின் அளவு அன்று, ஒரு கூலும் மின்னூட்டம் ஒரு புள்ளியிலிருந்து மற்றொன்றுக்கு நகரும்போது எத்தனை ஜூல் ஆற்றல் கைமாறுகிறது என்பதையே அது சொல்கிறது. பனைமர உச்சியிலிருந்து விழுந்தாலும் ஒரு துளி நீர் தலையை உடைப்பதில்லை அல்லவா? மனித உடலின் மின்தேக்குத்திறன் ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட்தான் என்பதால், 10,000 வோல்ட் அழுத்தத்திலும் அதில் தேங்குவது 1 மைக்ரோகூலும் மின்னூட்டமே. ஆற்றல் 5 மில்லிஜூல்.

மின்னூட்டத்தையும் வோல்ட்டையும் பெருக்கினால் 10 மில்லிஜூல் வருகிறதே என்று மாணவர்கள் குழம்புவதுண்டு. முதல் துளி மின்னூட்டம் ஏறும்போது எதிர்க்கும் அழுத்தம் ஏதும் இல்லை, கடைசித் துளிக்குத்தான் முழு அழுத்தமும் எதிரே நிற்கிறது. ஆகவே சராசரியாகப் பாதி அழுத்தத்தையே கணக்கில் கொள்ள வேண்டும்.

வீட்டு மின்கம்பியோ, தொட்டுக்கொண்டிருக்கும் வரை உடல் வழியே மின்னோட்டத்தை விடாது செலுத்துவதால் இதயத் துடிப்பையே குலைத்துவிடுகிறது. தேங்கிய மின்சாரம் எல்லாமே தீங்கற்றது என்றும் எண்ணிவிட வேண்டாம்: 300 வோல்ட்டுக்கு ஏற்றப்பட்ட, 100 மைக்ரோஃபாரட் கொண்ட கேமரா ஃபிளாஷ் மின்தேக்கியில் 4.5 ஜூல், அதாவது அந்தச் சுரீரைப்போல் 900 மடங்கு ஆற்றல் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிய பின்னும் அது அங்கேயே தங்கியிருக்கக்கூடும்.