முதலில் எந்த வேலை?

கேள்வி: பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து ஆறு ஆண்டுகளாக அறுவைச் சிகிச்சை வார்டில் பணிபுரிகிறேன். இப்போது அமெரிக்கச் செவிலியர் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வுக்குப் படித்து வருகிறேன். நோய்களும் மருந்துகளும் நன்றாகவே தெரிந்திருந்தும், ‘முதலில் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டால் நான்கு விடைகளும் சரியாகவே தோன்றுகின்றன. ‘மருத்துவருக்குத் தெரிவிப்பேன்’ என்று குறித்தால் பெரும்பாலும் தவறாகிவிடுகிறது. ஏன்?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: நான்கும் சரியாகத் தோன்றுவது உங்கள் குறையன்று, கேள்வியே அப்படித்தான் அமைக்கப்படுகிறது. 2023 ஏப்ரலில் புதிய வடிவம் பெற்ற இத்தேர்வு, குறிகளைக் கவனிப்பது, அவற்றின் பொருளை ஆராய்வது, எது அவசரம் என்று வரிசைப்படுத்துவது, வழிகளை யோசிப்பது, செயல்படுவது, பலனை மதிப்பிடுவது என்ற ஆறு படிகளில் செவிலியரின் தீர்மானத்தை அளக்கிறது.

உங்கள் வார்டிலேயே நடக்கக்கூடிய ஒன்றைப் பாருங்கள். வயிற்று அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தவருக்கு அப்போது நாடித்துடிப்பு 88, இரத்த அழுத்தம் 126/78. இரண்டு மணி நேரம் கழித்து நாடி 118, அழுத்தம் 108/82, சிறுநீர் மணிக்கு 20 மில்லி. நோயாளி நிலைகொள்ளாமல் புரள்கிறார், டிரஸ்ஸிங் உலர்ந்திருக்கிறது. 108/82 என்பதைத் தனியாகப் பார்த்தால் யாரும் பதற மாட்டார்கள். ஆனால் உள்ளே இரத்தம் கசியும்போது உடல் முதலில் இதயத்தை விரைவாக ஓடவிட்டும் இரத்தக் குழாய்களைச் சுருக்கியும் ஈடுகட்டப் பார்க்கிறது. அழுத்தம் நன்றாக விழுவது அதற்குப் பிறகுதான். சிறுநீர் 30 மில்லிக்குக் கீழே இறங்கியது சிறுநீரகத்துக்கு இரத்தம் குறைவதைக் காட்டுகிறது. அந்தப் புரளலுக்கும் வலி மட்டுமே காரணம் என்று எடுத்துக்கொள்ள முடியாது, மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தாலும் அப்படித்தான் இருக்கும். இங்கே வலி மருந்து கொடுப்பது ஆபத்து; நோயாளியை விட்டு நகராமல் மருத்துவரை உடனே அழைப்பதே சரி.

அப்படியானால் அதே விடை எப்போது தவறாகிறது? தெரிவிப்பதற்கு உங்கள் கையில் போதிய விவரம் இல்லாதபோதும், நீங்களே உடனடியாகச் செய்யக்கூடிய ஒன்று மீதமிருக்கும்போதும். மூச்சுத்திணறலுடன் படுத்திருப்பவரின் தலைப்பக்கத்தை உயர்த்த யாருடைய உத்தரவும் தேவையில்லை. மானிட்டரில் ஆக்சிஜன் அளவு 78 என்று காட்டுகிறது, நோயாளியோ சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார் என்றால், தொலைபேசியை எடுப்பதற்கு முன் அவரையும் விரலில் மாட்டிய கருவியையும் பார்க்க வேண்டும். நம் வார்டுகளில் எதுவானாலும் முதலில் டாக்டரிடம் சொல்லிவிடு என்றே பழக்கியிருக்கிறார்கள். அந்தப் பழக்கமே இந்தத் தேர்வில் உங்கள் கையைத் தவறான விடைக்கு இழுக்கிறது என்பது என் எண்ணம்.

உலர்ந்த டிரஸ்ஸிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. பணியில் சேர்ந்த புதிதில், தைராய்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஓர் அம்மாவின் கழுத்துக் கட்டை முன்புறம் மட்டும் பார்த்துவிட்டு, கசிவு இல்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். மூத்த சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் அவருடைய பிடரிக்கு அடியில் கையை விட்டு எடுத்தார், கையுறை சிவந்திருந்தது. படுத்திருப்பவரின் இரத்தம் பின்பக்கமாகத்தான் வழியும். தேர்விலும் இந்த இடத்தைத் தொட்டுக் கேட்பதுண்டு.

கேள்வி: என்கிளெக்ஸ் தேர்வில் 85 கேள்விகளிலேயே கணினி நின்றுவிட்டால் தோல்வி என்கிறார்களே?
- வாசகர், மதுரை

பதில்: இல்லை. குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்விகள். மொத்தம் ஐந்து மணி நேரம். உங்கள் திறன் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா கீழா என்பது 95 சதவீத உறுதியுடன் தெரிந்ததும் கணினி நிறுத்திவிடும். ஆகவே 85-இல் நிற்பது தேர்ச்சியாகவும் இருக்கலாம், தோல்வியாகவும் இருக்கலாம். அந்த 85-இல் 15 கேள்விகள் சோதனைக்காக மட்டுமே வைக்கப்படுபவை, அவற்றுக்கு மதிப்பெண் கிடையாது. எவை அவை என்று உங்களுக்குத் தெரியாது என்பதால், புரியாத ஒரு கேள்வியை நினைத்து அடுத்ததைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.