இரண்டு சேலா எடைக் கம்பளி

கேள்வி: எனக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவனுக்கு 14 வயது, இளையவனுக்கு 10. இளையவன் முகம், பேச்சு, புத்தகப் பைத்தியம் எல்லாவற்றிலும் என் சாயல். மூத்தவன் பந்தும் சைக்கிளுமாக வெளியிலேயே இருப்பான். என் மனம் இளையவன் பக்கம் சாய்வதை நான் மறைக்க முயன்றும் மறைக்க முடியவில்லை போலிருக்கிறது. போன வாரம் குடும்ப ஜெபத்தில் ஆதியாகமம் 27ஆம் அதிகாரம் வாசித்தோம், தாய் ரெபெக்காள் சொல்படி இளையவன் யாக்கோபு அண்ணன் ஏசாவைப்போல வேஷம் போட்டு, கண் மங்கிய தகப்பன் ஈசாக்கிடம் ஆசீர்வாதத்தை வாங்கிக்கொள்ளும் கதை. முடிந்ததும் மூத்தவன், "ஏசாவை அவங்க அம்மாவுக்குப் பிடிக்கல, அவ்வளவுதானே? கடவுளும் அதுக்கு ஒத்துக்கிட்டாரா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். இந்த வேதத்தை எபிரெயத்திலேயே படிக்கும் யூதர்கள் இதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள்? நான் அவனுக்கு என்ன சொல்லட்டும்? வீட்டில் எதை மாற்றட்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் கேட்டது விதண்டாவாதம் இல்லை. யூத உரையாசிரியர்கள் நூற்றாண்டுக் கணக்காக இந்தக் கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். அதனால் முதல் வேலையாக, "நல்ல கேள்வி கேட்டாய்" என்று அவனிடம் சொல்லுங்கள். எழுந்து போனதற்குக் கண்டிப்பதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

வசனத்திலிருந்தே தொடங்குவோம். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் ஈசாக்கு ஏசாவின்மேல் "பட்சமாயிருந்தான்", ரெபெக்காள் யாக்கோபின்மேல் "அன்பாயிருந்தாள்" என்று இரண்டு சொற்கள் வருகின்றன. எபிரெயத்தில் இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல்தான். ஆனால் வினை வடிவம் வேறு. ஈசாக்கின் அன்பு நடந்து முடிந்த செயலைப்போலச் சொல்லப்படுகிறது, காரணமும் கூடவே வருகிறது: வேட்டைக் கறி. ரெபெக்காளின் அன்பு இடைவிடாமல் நடந்துகொண்டே இருப்பதுபோல நிற்கிறது, காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. இதோடு பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் "பிதாக்களின் நீதிமொழிகள்" என்ற பகுதியில் வரும் ஒரு வாக்கைச் சேர்த்துப் படிப்பதுண்டு: ஒரு பொருளைச் சார்ந்த அன்பு, அந்தப் பொருள் போனால் தானும் போய்விடும்.

அதற்காக ரெபெக்காளை மட்டும் மெச்சிவிட்டுப் போகவில்லை. 19ஆம் நூற்றாண்டில் பிராங்க்பர்ட் நகரில் ரபீயாக இருந்த சாம்சன் ரபாயேல் ஹிர்ஷ் (1808–1888) இங்கே இரண்டு பெற்றோரையும் துணிந்து குறை சொன்னார். இரட்டைப் பிள்ளைகள் சுபாவத்தில் வானமும் பூமியும் போல இருந்தார்கள். ஆனால் இருவரையும் ஒரே அச்சில் வார்த்தார்கள், ஒரே விதமாகப் படிக்க வைத்தார்கள் என்பது அவர் வாதம். யாக்கோபுக்கு அந்தப் பாடம் தேனாக இனித்தது, ஏசாவுக்குத் தளையாக இருந்தது. வயது வந்ததும் அறுத்துக்கொண்டு வெளியேறினான். இதற்கு அவர் காட்டும் வசனம் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும்: நீதிமொழிகள் 22:6. தமிழில் "நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து" என்று இருக்கிறது. எபிரெயம் "அவனுடைய வழிக்கு ஏற்றபடி" என்கிறது. ஏசாவின் உடல் வலுவையும் துணிச்சலையும் நல்ல வேலைக்குத் திருப்பிவிடும் வழியை யாரும் தேடவில்லை என்று ஹிர்ஷ் வருந்துகிறார். உங்கள் கடிதத்தில் பந்தும் சைக்கிளும் ஒரு குறையைப்போல எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தபோது எனக்கு இவர் நினைவுதான் வந்தது.

இனி யாக்கோபின் மகன் யோசேப்பின் கதை. உங்கள் வீட்டுக்கு நேராகப் பொருந்துவது இதுதான் என்று நினைக்கிறேன். யாக்கோபு ஏன் அவனை அதிகம் நேசித்தார்? 11ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு உரையாசிரியர் ராஷி பல விளக்கங்களைத் தருகிறார். அதில் ஒன்று: யோசேப்பின் முகச்சாயல் தகப்பனின் முகச்சாயலை ஒத்திருந்தது. தன் சாயலையே பிள்ளையில் பார்த்து மயங்குவது அன்றைக்கே தெரிந்த விஷயம்.

யூத ஆசான்களின் விவாதங்களைத் தொகுத்த பாபிலோனியத் தல்மூதில், சபாத் என்ற பகுதியில், 3ஆம் நூற்றாண்டு ஆசான் ராவ் சொன்னதாக ஒரு வாக்கு இருக்கிறது. ஒருவன் தன் பிள்ளைகளுக்குள் ஒரு பிள்ளையை ஒருபோதும் வித்தியாசமாக நடத்தக் கூடாது. யாக்கோபு மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததைவிட யோசேப்புக்குக் கூடுதலாகக் கொடுத்த இரண்டு சேலா எடையுள்ள மெல்லிய கம்பளியால் சகோதரர்கள் பொறாமைப்பட்டார்கள், காரியம் உருண்டு உருண்டு நம் பிதாக்கள் எகிப்துக்கு இறங்கிப்போனார்கள் என்கிறார். ஒரு சேலா என்பது வெள்ளி நாணயத்தின் எடை. இரண்டு சேலா 30, 40 கிராமுக்குள் அடங்கும், அதாவது நம் கணக்கில் நாலைந்து பவுன் எடை. அவ்வளவு கம்பளியிலிருந்து எகிப்தின் அடிமைத்தனம் வரை ஒரே நூலாக இழுத்துக் காட்டுகிறார். யோசேப்பின் கனவுகள், சகோதரர்களின் கொடுமை எல்லாம் இருக்க, அவர் தகப்பனின் கையிலிருந்து தொடங்குகிறார்.

அவர் பயன்படுத்தும் வினைச்சொல்லையும் கவனியுங்கள். "வித்தியாசமாக நேசிக்காதே" என்று அவர் சொல்லவில்லை, "வித்தியாசமாக நடத்தாதே" என்கிறார். மனத்துக்கு ஆணை போடவில்லை, கைக்குத்தான் போடுகிறார். 12ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடஸ் இதைத் தம் சட்டத் தொகுப்பில், வாரிசுரிமைப் பகுதியிலேயே எழுதிவைத்தார்: உயிரோடு இருக்கும் காலத்திலும், சின்னக் காரியத்திலும்கூட, பிள்ளைகளுக்குள் வித்தியாசம் காட்ட வேண்டாம், யோசேப்பும் சகோதரர்களும் போலப் போட்டியும் பொறாமையும் வந்துவிடும். உபாகமம் 21ஆம் அதிகாரச் சட்டமும் இதே திசையில்தான் போகிறது. பிரியமில்லாத மனைவியின் மகன் மூத்தவனாக இருந்தால், பிரியமானவளின் மகனுக்காக அவனுடைய இரட்டைப் பங்கைத் தகப்பன் பறிக்கக் கூடாது. லேயாளின் மகன் ரூபனின் முதற்பேறான உரிமை ராகேலின் மகன் யோசேப்புக்குப் போனதை நினைத்துக்கொண்டு இந்தச் சட்டத்தைப் படித்தால், முற்பிதா யாக்கோபு செய்ததையே தோரா, அதாவது மோசேயின் ஐந்து நூல்கள், பின்னால் வந்தவர்களுக்குத் தடுத்திருப்பது தெரியும். வேதத்தில் ஒரு காரியம் எழுதப்பட்டிருப்பதாலேயே அது நமக்கு முன்மாதிரி ஆகிவிடாது. இதை உங்கள் மகனுக்குச் சொல்ல வேண்டும்.

"கடவுளும் ஒத்துக்கிட்டாரா" என்ற கேள்விக்கு வருகிறேன். மித்ராஷ் என்ற பழைய விளக்க மரபு ஏசாவை மிகக் கடுமையாகத் தீட்டுகிறது, ரோமப் பேரரசின் உருவமாகவே அவனைப் பார்க்கிறது. அந்த வரிகளை மட்டும் எடுத்துப் பிள்ளையிடம் சொன்னால், "கெட்டவன், அதனால் பிடிக்கவில்லை" என்று கதை முடிந்துவிடும். உங்கள் மகன் அதைத் தன் மேல் போட்டுக்கொள்வான். அதே மித்ராஷில் வேறு இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, ரபான் சிமியோன் பென் கமாலியேல் சொன்னது: நான் வாழ்நாள் முழுதும் என் தகப்பனுக்குப் பணிவிடை செய்தேன், ஆனால் ஏசா தன் தகப்பனுக்குச் செய்ததில் நூற்றில் ஒரு பங்குகூடச் செய்யவில்லை, நான் வேலை செய்யும்போது அழுக்குத் துணி உடுத்தி, வெளியே போகும்போது நல்ல துணி உடுத்துவேன், ஏசாவோ தகப்பனுக்குப் பணிவிடை செய்யும்போது ராஜ வஸ்திரம் உடுத்தினான். யூதர்களின் தலைவராக இருந்த ஒருவர் ஏசாவுக்கு முன்னால் தலைகுனிந்து பேசும் இடம் இது. இதை அவனுக்கு அப்படியே சொல்லுங்கள்.

இன்னொன்று ஏசாவின் அலறல். ஆசீர்வாதம் போய்விட்டது என்று தெரிந்ததும் அவன் "மகா உரத்த, கசப்பான" அலறல் அலறினான். எபிரெயத்தில் ஏறக்குறைய அதே சொற்கள் எஸ்தர் 4:1இல், சூசான் நகரத் தெருவில் யூதனான மொர்தெகாய் அலறும்போது மறுபடி வருகின்றன. இந்த இரண்டையும் ஆதியாகம ரப்பா என்ற மித்ராஷ் நூல் முடிச்சுப் போடுகிறது: யாக்கோபு ஏசாவை அலறவைத்த ஒரு அலறலுக்கான கணக்கு, யாக்கோபின் சந்ததியிடம் சூசானில் கேட்கப்பட்டது. யாக்கோபுக்கு ஆசீர்வாதம் கிடைத்தது உண்மை. ஏசாவின் கண்ணீரும் எண்ணப்பட்டது.

யாக்கோபும் சும்மா தப்பவில்லை. ராகேலுக்குப் பதிலாக அவள் அக்காள் லேயாளை அவருக்குக் கட்டிவைத்த மறுநாள் விடிந்ததும், "ஏன் என்னை ஏமாற்றினாய்?" என்று அவர் லேயாளைக் கேட்டதாகவும், "உங்கள் தகப்பன் ஏசா என்று கூப்பிட்டபோது நீங்கள் ஏன் குரல் கொடுத்தீர்கள்?" என்று அவள் திருப்பிக் கேட்டதாகவும் மித்ராஷ் சொல்கிறது. அவர் பெற்றோரைவிட்டுப் பிரிந்திருந்தது 22 ஆண்டுகள், பின்னால் யோசேப்பை அவர் பிரிந்திருந்ததும் 22 ஆண்டுகள் என்று தல்மூது கூட்டிக் காட்டுகிறது. ரெபெக்காளோ "சில நாள்" போய் இரு என்று சொல்லித்தான் அனுப்பினாள். அவள் தன் செல்லப் பிள்ளையை மறுபடி பார்த்ததாக வேதத்தில் ஒரு வரி கிடையாது. ஒரு தாயாக நீங்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள்.

ஆசீர்வாதத்தைப் பற்றியும் ஒன்று தெளிவாக வேண்டும். வேஷத்தில் வந்த யாக்கோபுக்கு ஈசாக்கு கொடுத்தது வானத்துப் பனி, பூமியின் கொழுமை, அதிகாரம். ஆபிரகாமின் ஆசீர்வாதம், அதாவது சந்ததியும் தேசமும், அதில் இல்லை. அதை அடுத்த அதிகாரத்தில் யாக்கோபு என்று தெரிந்தே, முகத்துக்கு நேரே கொடுக்கிறார். இங்கிலாந்தின் தலைமை ரபீயாக இருந்த ஜோனதன் சாக்ஸ் (1948–2020) இதை அழுத்திச் சொன்னார்: ஈசாக்கிடம் இரண்டு பிள்ளைகளுக்கும் இரண்டு வேறு ஆசீர்வாதங்கள் இருந்தன, அந்த வஞ்சனைக்குத் தேவையே இருக்கவில்லை. ஆதியாகமம் 33:11இல் யாக்கோபு ஏசாவிடம் மந்தைகளைக் கொடுத்து "என் ஆசீர்வாதத்தை வாங்கிக்கொள்" என்று கெஞ்சுவதையும் அவர் இதோடு சேர்த்துப் படிக்கிறார். நம் மொழிபெயர்ப்பில் அது காணிக்கை என்று தெரியும். எபிரெயத்தில் 27ஆம் அதிகாரத்தில் ஆசீர்வாதத்துக்கு வரும் அதே சொல். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறார். எனக்கு இந்த வாசிப்பு சரியென்றே படுகிறது.

இனி வீட்டுக் காரியம். உங்கள் மனம் இளையவன் பக்கம் சாய்வதற்காக உங்களைத் தண்டித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டில் அந்த இரண்டு சேலா எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். குழம்பிலிருந்து நல்ல துண்டு யார் தட்டுக்குப் போகிறது, உங்கள் செல்போன் திரையில் யார் படம் இருக்கிறது, யாருடைய பள்ளிக் கதைக்கு அடுப்பை அணைத்துவிட்டு உட்காருகிறீர்கள், யாருடையதை வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்கிறீர்கள். ஒரு வாரம் கவனித்தால் போதும். மூத்தவனிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவான், ஆனால் அந்தச் சுமையை அவன்மேல் வைக்காதீர்கள். ஒருவனுக்கு டியூஷன் கட்டணம், இன்னொருவனுக்கு மூக்குக் கண்ணாடி என்று தேவைக்கேற்பச் செலவு மாறலாம். அதை இருவர் காதிலும் விழும்படி சொல்லிச் செய்யுங்கள். பரிசும் பாராட்டும், யாக்கோபு யோசேப்புக்கு மட்டும் செய்துகொடுத்த அங்கியாக மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சமமாக நடத்துவது என்றால் இருவரையும் ஒரே மாதிரி பார்ப்பது என்று ஆகிவிடக் கூடாது. மரணப் படுக்கையில் யாக்கோபு யூதாவுக்குச் சிங்கத்தையும், நப்தலிக்கு மானையும், பென்யமீனுக்கு ஓநாயையும் சொல்கிறார். ஒவ்வொருவனுக்கும் அவனவன் ஆசீர்வாதம். ஆனால் அந்த வசனம் முடியும்போது "அவனை" என்று வராமல் "அவர்களை ஆசீர்வதித்தான்" என்று வருகிறதே என்று கேட்டு ராஷி பதில் சொல்கிறார்: எல்லா ஆசீர்வாதத்திலும் எல்லோரையும் சேர்த்தார். சிமியோனையும் லேவியையும் கடிந்துகொள்ளும்போதுகூட அவர்களைச் சபிக்கவில்லை, அவர்கள் கோபத்தையே சபித்தார் என்றும் அவர் எடுத்துக்காட்டுகிறார். மூத்தவனைத் திட்டும் நாளில் இது உங்களுக்கு உதவும்.

வெள்ளிக்கிழமை மாலை, ஓய்வுநாள் தொடங்கும்போது, யூத வீடுகளில் பெற்றோர் ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கைவைத்து ஆசீர்வதிப்பார்கள். மகள்களுக்குச் சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் பெயர்கள். மகன்களுக்கு "எப்பிராயீமைப் போலவும் மனாசேயைப் போலவும் தேவன் உன்னை ஆக்குவாராக". பிறகு எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்து ஆசாரிய ஆசீர்வாதம். ஏன் அந்த இரண்டு பெயர்கள்? இவர்கள் யோசேப்பின் பிள்ளைகள். தாத்தா யாக்கோபு கைகளைக் குறுக்கே மாற்றி இளையவனை முன்னே வைத்தபோது தகப்பன் யோசேப்புதான் தடுக்கப் பார்த்தார். பிள்ளைகள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதாக வேதத்தில் இல்லை. ஆதியாகமத்தில் சண்டை போடாத அண்ணன் தம்பி இவர்கள்தான் என்று பலர் விளக்கம் சொல்வதுண்டு. எல்லோருக்கும் பொதுவான அந்த வார்த்தைகள் முடிந்ததும், பல பெற்றோர் பிள்ளையின் காதோடு அந்த வாரத்தில் அவனிடம் கண்ட நல்லது ஒன்றைச் சொல்வார்கள். அது அவனுக்கு மட்டும், கூடப்பிறந்தவனுக்குக் கேட்காது.

உங்கள் குடும்ப ஜெபத்தின் முடிவில் இதைச் செய்து பாருங்கள். எண்ணாகமம் 6:24 முதல் 26 வரை இருவருக்கும் ஒரே நீளம், ஒரே குரல். மூத்தவனிலிருந்து தொடங்குங்கள். முதல் வாரம் அவன் தலையை விலக்கிக்கொண்டால் வற்புறுத்தாமல் தோளில் கைவைத்துச் சொல்லுங்கள். காதில் சொல்வதற்கு உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டுமே, அதற்காக இந்த வாரம் ஒரு சாயங்காலம் அவன் பந்து விளையாடும் இடத்துக்குப் போய், இளையவனை வீட்டில் விட்டுவிட்டு, ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்து பாருங்கள்.