அதே நிலம்தான், ஆனால்

அன்புள்ள சார்,

நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் ‘பிரெத் ஆஃப் த வைல்ட்’ வீடியோ கேமை விளையாட ஆரம்பித்தேன். நூற்றைம்பது மணி நேரம் போனதே தெரியவில்லை. அடுத்த பாகமான ‘டியர்ஸ் ஆஃப் த கிங்டம்’ நாற்பது மணி நேரத்தில் அலுத்துவிட்டது. கதை நடக்கும் ஹைரூல் நாட்டின் அதே மலை, அதே ஆறு, அதே ஊர்கள். ஆறு வருடம் காக்க வைத்துவிட்டுப் பழைய வரைபடத்தையே தூசி தட்டிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் பாகத்துக்கு இது ஈடாகுமா?

எம்.

அன்புள்ள எம்.,

ஈடாகும் என்றுதான் சொல்வேன். உங்கள் அலுப்பு பொய்யில்லை. ஆனால் பழி நிலத்தின்மேல் இல்லை என்பது என் கட்சி.

2017இல் வந்த முதல் பாகத்தில் மலையைப் பார்த்தால் ஏறித்தான் ஆக வேண்டும். பாதி ஏறியதும் மழை பிடித்துக்கொள்ளும். நாலடி ஏறினால் மூன்றடி சறுக்கும். பாறை இடுக்கில் ஒண்டிக்கொண்டு, மழை எப்போது விடும் என்று நிற்போம். அப்படிச் சும்மா நிற்கும்போதுதான் எதிர்ப் பள்ளத்தாக்கில் ஏதோ மினுங்குவது கண்ணில் படும். அப்புறம் மலையாவது ஒன்றாவது, அங்கே இறங்கிவிடுவோம். அந்த விளையாட்டின் ருசியே அதுதான்.

2023இல் வந்த இந்தப் பாகத்தில் இரண்டு விசிறியையும் ஒரு கைப்பிடியையும் ஒட்டினால் பறக்கும் வண்டி தயார். (நானும் செய்தேன். ஒரு வாரம் தரையில் கால் வைக்கவில்லை.) மேலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் பார்த்த ஊர்தான். நீங்களும் அதில்தான் சுற்றினீர்கள் என்று சந்தேகிக்கிறேன்.

இறங்கி நடந்தால் கதை வேறு. குகைக்குள் வழி முட்டிவிடுகிறது. ‘அசெண்ட்’ என்ற சக்தியைப் போட்டால் நாயகன் லிங்க் கூரைப் பாறைக்குள் நீந்திப் போய், உச்சியில் தலையை மட்டும் நீட்டி எட்டிப் பார்க்கிறான். ஆபத்தென்றால் அப்படியே கீழே திரும்பிவிடலாம். இது விளையாட்டை உருவாக்கியவர்கள் குகைகளைச் சோதித்துவிட்டுச் சட்டென்று வெளியே வர வைத்திருந்த குறுக்குவழியாம். இயக்குநர் ஹிதேமாரோ ஃபுஜிபயாஷியே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

பழைய வரைபடம் என்றீர்களே, ஹைரூலுக்கு அடியில் விரியும் பாதாளத்தின் வரைபடத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? மேலே மலை இருந்தால் கீழே பள்ளம். மேலே ஆறு ஓடினால் கீழே சுவர். மேல்நிலத்தின் ஒவ்வொரு ஷ்ரைனுக்கும் (புதிர் வைத்த சின்னக் கோயில்) நேர் கீழே, இருட்டை விலக்கும் ஒரு ஒளிவேர். எனக்கு இது உறைக்கவே முப்பது மணி நேரம் ஆனது. அன்றைக்கு, மேலே கோட்டைவிட்ட ஷ்ரைன்களையெல்லாம் பாதாளத்தில் இருந்தபடியே குறித்துக்கொண்டேன்.

சறுக்கியது கதையில். ஒவ்வொரு கோயிலை முடித்ததும் ஒரு முனிவர் வந்து அதே போர்க்கதையைக் கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் சொல்கிறார். அதைவிட மோசம், கதையைத் துண்டுதுண்டாகக் காட்டும் கண்ணீர்த் துளிகள். அவற்றை எந்த வரிசையிலும் பார்க்கலாம். முதல் பாகத்தின் நினைவுகளும் அப்படித்தான், ஆனால் அவை முடிந்துபோன சங்கதிகள், முன்பின் மாறினால் நஷ்டமில்லை. இங்கே பின்னால் பார்த்திருக்க வேண்டிய துளி ஒன்று முன்கூட்டியே சிக்கி, காணாமல்போன இளவரசி செல்டா என்ன ஆனாள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஊரே இளவரசியைத் தேடுகிறது. லிங்க்கும் ஒன்றும் தெரியாதவன்போல அவர்களோடு சேர்ந்து தேடுகிறான்!

சரி, நீங்கள் சேமித்து வைத்த ஆட்டம் இன்னும் இருக்கிறதா? வண்டியைக் கழற்றிப் போடுங்கள். ஹைரூலில் மொத்தம் 58 கிணறுகள். அந்த நாற்பது மணி நேரத்தில் எத்தனைக்குள் குதித்தீர்கள்?