என் லேப்டாப்பில் பறக்கும் இணையதளம் வாடிக்கையாளர் போனில் ஏன் திணறுகிறது?

நெட் மேல் பழி போடுவோம். பெரும்பாலும் காரணம் ஜாவாஸ்கிரிப்ட்தான், அதாவது பக்கத்தை இயக்க பிரவுசரில் ஓடும் நிரல். 200 கேபி படமும் 200 கேபி ஸ்கிரிப்டும் இறங்க ஒரே நேரம்தான் ஆகும். ஆனால் ஸ்கிரிப்டை அலசி, தொகுத்து, ஓட்டவும் வேண்டுமே! விலை குறைந்த போனின் பிராசசர் அங்கேதான் மூச்சு வாங்குகிறது. அதுவரை பட்டனைத் தட்டினாலும் அசையாது. தட்டினால் 200 மில்லி செகண்டுக்குள் திரை பதில் சொல்ல வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல்.

குரோம் பிரவுசரிலேயே இருக்கும் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸில் சிபியு (பிராசசர்) வேகத்தை 4 மடங்கு குறைத்து ஓட்டிப் பாருங்கள், புரியும். அப்புறம் தேவையில்லாத லைப்ரரிகளை (பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்புகளை) கழற்றுங்கள். தேதி காட்ட மட்டும் மொமென்ட் என்ற லைப்ரரியை ஏற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள் (அதை உருவாக்கியவர்களே 2020-இல் புதுத் திட்டங்களுக்கு வேண்டாம் என்றுவிட்டார்கள்). தேதியை வடிவமைக்க பிரவுசரிலேயே இருக்கும் இன்ட்ல் (Intl) என்ற வசதி போதும். பார்வையாளர்களைக் கண்காணிக்கும் டிராக்கர் ஸ்கிரிப்டுகளை எடுக்கத்தான் மார்க்கெட்டிங் ஆட்களோடு மல்லுக்கட்ட வேண்டும்.